விளக்கு லேயர்

எங்கள் டிசைனர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார்: "மேடம், புதுசா வெக்டார் கத்துக்கிறவங்களுக்கு அஞ்சு டிப்ஸ் எழுதித் தாங்களேன்." பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். அஞ்சு என்ன, ஐம்பது எழுதலாம். முதல் நாலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் எழுதிவிட்டேன். ஐந்தாவது ஒரே ஒரு வரி. அதைத் தட்ட முடியாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது. 'மேடம் ரொம்ப பிஸி போல' என்று குழுவில் ஒரு நக்கல் வேறு.

ஒரு வரியாக எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். எனக்கும் அதை ஒரு வரியாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் மதித்த லட்சணத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். குழுவில் போடுவேனா என்று தெரியவில்லை.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் டிசைன் கடையில் எனக்கு வேலை. வரைவது நாங்கள், அச்சடிப்பது ராயபுரத்தில் ஒரு பிரஸ். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள், கோயில் கூழ் ஊற்றுவது என்று எல்லாம் வரும். ஆனாலும் கடையை நிமிர்த்தி வைத்திருப்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் சொந்தக்காரர்களுக்கு போன் போவதற்கு முன்னால் கடைக்கு போட்டோ வந்துவிடும். இதில் நான் மிகைப்படுத்தவில்லை, கொஞ்சம் வேண்டுமானால் எரிச்சல்படுகிறேன்.

வருகிற போட்டோ எப்போதும் கண்றாவியாக இருக்கும். ஆதார் அட்டையைப் போனில் படம் எடுத்து, அதை நாலு பேர் கை மாற்றி அனுப்பியிருப்பார்கள். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். கோடுகளாக வரைந்த முகம் உடையாது. நகத்தளவில் வரைந்ததைச் சுவரளவுக்கு இழுத்தாலும் கன்னம் கன்னமாகவே இருக்கும். வெக்டார் என்றால் அவ்வளவுதான், வேறு வித்தை ஒன்றும் இல்லை. தானாகவே வரைந்து தருகிற பட்டன் ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே அதில்தான் போய் விழுவார்கள். அதற்கு மச்சம் எது, போட்டோவில் விழுந்த அழுக்கு எது என்று தெரியாது. ஒரு மூக்கின் கோட்டை வளைக்க நானூறு புள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். கையால் வரையுங்கள். ஒரு கன்னத்துக்கு நாலு புள்ளி போதும். புள்ளி குறையக் குறைய முகம் முகமாகும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நம் ஃபான்ட் இல்லாத அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாக வரும். ஒரு வேலையைத் திறந்தால் முதலில் வேறு பெயரில் சேமித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். இந்த இரண்டாவதை எங்கள் கடையில் யாருமே செய்ததில்லை. போன வாரம் செத்தவரின் ஃபைலைத் திறந்து, அவரைத் தூக்கிவிட்டு, இந்த வாரம் செத்தவரை அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவரின் போஸ்டரில் வேறொருவருடைய மருமகன்கள் கண்ணீர் விட்டார்கள். அந்த வீட்டு ஆட்கள் கடையில் வந்து ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு நான்தான் முன்வந்து எல்லா அஞ்சலிக்கும் பொதுவாக ஒரு மாஸ்டர் ஃபைல் செய்தேன்.

அந்த ஃபைலைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். எல்லாவற்றையும் லேயர் லேயராகப் பிரித்திருந்தேன். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி. முகத்துக்கு ஒரு லேயர், எழுத்துக்கு ஒன்று. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, முகத்தைச் சுற்றி ரோஜா மாலை, மூலையில் கறுப்பு ரிப்பன், இது மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. அதற்கு 'விளக்கு' என்று பெயர் வைத்தேன். வேறு மதத்துக்காரர்கள் வந்தால் விளக்கு லேயரை மறைத்துவிட்டு சிலுவையையோ பிறையையோ வைக்கலாம். இந்தப் புத்தியை முதலாளி பிரஸ்காரரிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு குட்டிப் படங்கள் இருக்கும். ஒன்று கண். இன்னொன்று பிரிண்டர். கண்ணைத் தட்டினால் அந்த லேயர் திரையில் மறையும். திரையில் மட்டும்தான். அச்சில் வராமல் இருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் பிரிண்டரையும் தட்ட வேண்டும். ஐந்தாவது குறிப்பு இதுதான். சிலுவை போஸ்டர்களுக்கெல்லாம் இரண்டையும் தட்டியிருக்கிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர், அம்மா, அண்ணன் குடும்பம், கட்டிய இடத்தில் சரிப்படாமல் திரும்பி வந்த நான், எல்லாரும் காலடிப்பேட்டையில் ஒரே வீடு. நைனா மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடமாக அவருக்கு நினைவு உதிர ஆரம்பித்திருந்தது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷிஃப்டுக்கு நேரமாச்சி, டிபன் பாக்ஸ் எங்க?" என்பார். அம்மா காலி டப்பாவைக் கொடுத்து, "இன்னிக்கு லீவு நைனா" என்று உட்கார வைப்பாள். கட்டின புருஷனைத்தான். எங்களோடு சேர்ந்து அவளுக்கும் அவர் நைனாவாகிவிட்டார். கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டிருந்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு எல்லாரும் ஓடினோம். கதவு திறந்து கிடந்தது. திரும்பி வந்தபோது காக்கிச் சட்டையும் டப்பாவும் இல்லை. நைனாவும் இல்லை.

அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனும் நானும் மணலி தொழிற்சாலை கேட்டுக்குப் போனோம். மணலி புதுநகர் வரை தேடினோம். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், கடற்கரைக் கல்லுமேடு, ஒன்றையும் விடவில்லை. சாயந்திரம் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு நான் நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் செத்தால் போஸ்டர் போடுகிறவள், என் நைனாவைக் காணோம் என்று ஒரு போஸ்டர் போடமாட்டேனா?

காணவில்லை போஸ்டருக்கு எங்களிடம் மாஸ்டர் கிடையாது. காணாமல் போகிறவர்கள் எங்கள் கடைக்குக் குறைவு. அதே அளவு, அதே இடத்தில் முகம், மேலே பெரிய எழுத்து. அதனால் அஞ்சலி ஃபைலைத் திறந்தேன். இதில் எனக்கு எந்தக் கூச்சமும் வரவில்லை. எங்கள் தொழிலில் யாரும் வெறுந்தாளில் தொடங்குவதில்லை. வேறு பெயரில் சேமித்தேன், சரியாக. விளக்கு லேயரின் கண்ணை மூடினேன். விளக்கும் மாலையும் ரிப்பனும் திரையிலிருந்து போயின. திரும்பி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

முகத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கிடைத்த ஒரே நல்ல போட்டோ பத்து வருடம் பழையது. பெரிய மீசையோடு, கன்னம் உப்பலாக இருப்பார். மீசையை வெள்ளையாக்கினேன், கன்னத்தை ஒட்ட வைத்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, இரும்புப் பட்டை தெறித்து விழுந்தது. அதை இரண்டே புள்ளியில் கொண்டுவந்தபோது எனக்கே சபாஷ் சொல்லிக்கொண்டேன். ஆமாம், அந்த நேரத்திலும் சொல்லிக்கொண்டேன். 'காணவில்லை' என்று சிவப்பில் போட்டேன். கீழே அண்ணனின் போன் நம்பர். எழுத்தைக் கோடாக மாற்றி பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவே இல்லை. முகத்தை அவ்வளவு நிதானமாக வரைந்தவளுக்கு ஒரு தட்டு தட்ட நேரமில்லாமல் போனது.

கத்துக்குட்டியாக இருந்திருந்தால் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்திருப்பேன். வேலை தெரிந்தவள் என்பதால் மறைத்தேன்.

பிரஸ்காரருக்கும் திரையில் விளக்கு தெரியவில்லை. அச்சில் வந்தபோது மிஷினில் நின்றவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் கடை போஸ்டர் என்றால் விளக்கு இருக்கும்தானே. போஸ்டர் ஒட்டுகிறவர் வழக்கம்போல விடியற்காலையில் போஸ்டர் கட்டை வாங்கிக்கொண்டு, பசை வாளியை சைக்கிளில் மாட்டி, எண்ணூர் சாலை முழுக்க ஒட்டி முடித்துவிட்டார்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு நான் ராயபுரத்தில் ஆஸ்பத்திரி வார்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"நைனா கெடச்சிட்டாராடி? எனக்கு மட்டும் சொல்லாம வெச்சிகினு கீறீங்களா?"

"இன்னாம்மா சொல்ற?"

"அவுரு கூட வேலை செஞ்சவங்க நாலு பேரு ரோஜா மாலையோட வூட்டாண்ட வந்து நிக்கிறாங்க. பாடி எப்ப வர்தும்மான்னு கேக்கறாங்க. போஸ்டர் பாத்தாங்களாம்."

வெளியே ஓடி வந்தேன். அங்கே எங்கள் போஸ்டர் இல்லை. ஆட்டோ பிடித்து தேரடி வரும்வரைக்கும் சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் நிறுத்தச் சுவரில் நைனா இருந்தார். இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. முகத்தைச் சுற்றி மாலை. மூலையில் கறுப்பு ரிப்பன். மேலே 'காணவில்லை' என்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எங்கள் ஊரில் சுவரை யாரும் படிப்பதில்லை, பார்க்கிறார்கள். விளக்குக்கு நடுவில் முகம் இருந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். 'ப்ச்' கொட்டிவிட்டுப் போவார்கள். அதை அவர்களுக்குப் பழக்கியதில் என் பங்கும் இருக்கிறது.

அண்ணன் போனுக்கு அதுவரை ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. ஒருவர்கூட நைனாவைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. எல்லாரும் துக்கம் கேட்டார்கள். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடைக்கு ஓடி, ஃபைலை இன்னொரு பெயரில் சேமித்து, அதில் அந்த லேயரையே அழித்தேன். மதியத்துக்குள் புதிது அச்சாகி வந்தது. போஸ்டர் ஒட்டுகிறவரைப் பிடித்து எங்கெங்கே ஒட்டினார் என்று கேட்டேன். அவர் விரல் மடக்கி ஒவ்வொரு இடமாகச் சொன்னார். நானும் அண்ணனும் அவருமாக அன்று சாயந்திரம் வரை பழைய போஸ்டர் ஒவ்வொன்றின் மேலும் புதியதை ஒட்டினோம். பசை காய்ந்து கையெல்லாம் தோல் உரிந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் சொன்ன இடங்களில் ஒன்றையும் விடவில்லை.

வியாழக்கிழமை இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டும் வேறு யாரோ. நாங்கள் திரும்பத் திரும்ப மணலி கேட்டுக்கே போனோம். ஷிஃப்டு என்றால் மணலி, எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் போலீஸிலிருந்து கூப்பிட்டார்கள். எண்ணூர் பக்கம் விரைவுச் சாலையில் காலையில் ஒரு டிரெய்லர் லாரி இடித்திருக்கிறது. காக்கிச் சட்டை, கையில் டிபன் டப்பா. பிணவறையில் அண்ணன் உள்ளே வர மறுத்துவிட்டான். நான்தான் போனேன். முகத்தில் பாதிதான் பார்க்கிற மாதிரி இருந்தது. இடது புருவத்தின் தழும்பு இருந்தது. நான் வரைந்தது சரியாகத்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் டப்பாவையும் செருப்பையும் வாங்க எண்ணூர் போலீஸுக்குப் போனோம். திரும்பும்போது அண்ணன் ஆட்டோவை நிறுத்தினான். சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், பல வருடமாக மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் கேட். துருப்பிடித்த பூட்டு. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் விளக்குக்கு நடுவில் நைனா. ஒட்டுகிறவரிடம் கடைசியில் இரண்டு மிச்சம் இருந்திருக்கிறது, சுவர் காலியாக இருக்கிறதே என்று ஒட்டியிருக்கிறார். எங்களிடம் சொல்ல மறந்துபோனார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

எதிரே தள்ளுவண்டியில் ஒரு அம்மா டீயும் பன்னும் விற்றுக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். போஸ்டரைக் காட்டி, இவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"செத்துட்டவரா? இவரப் பாக்கல கண்ணு. இவரோட அண்ணனப் பாத்தேன்."

"அண்ணனா?"

"ஆமா. அச்சு அசல் இதே மூஞ்சி. புதன்கெயமையும் வியாயக்கெயமையும் இங்கதான் உக்காந்துகினு இருந்தாரு. ஷிஃப்டுக்கு வந்தேன், கேட்டு தெறக்கலன்னாரு. பாவமா இருந்திச்சி, டீ குடுத்தேன், பன்னு குடுத்தேன். நீ எங்கருந்து வர்ற நைனான்னு கேட்டா சொல்லத் தெரில."

என் அண்ணன்தான் கேட்டான். "அந்த போஸ்டர அவரு பாத்தாராம்மா?"

"பாக்காம? அதாண்ட போயி ரொம்ப நேரம் நின்னாரு. அப்பால செருப்பக் கயட்டிட்டுக் கையெடுத்துக் கும்புட்டாரு. அதான் தம்பி பூட்டான் போல, அந்த துக்கத்துல இந்த மனுசன் இப்டி ஆயிட்டாருன்னு நெனச்சிகினேன். எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. இன்னா எயுதிகீது அதுல?"

நான் சொன்னேன். காணவில்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். கீழே இருப்பது எங்கள் போன் நம்பர் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என்னையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கையில் இருந்த டம்ளரை வண்டியில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னாண்ட போனு இருந்திச்சே" என்று இரண்டு தடவை சொன்னாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லாமலேயே வந்துவிட்டேன் என்பது இப்போதும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அவளைக் கட்டுவதற்கு முன்னால் நைனா ஒன்றரை வருடம் எண்ணூரில் வேலை பார்த்திருக்கிறார். மணலி மறந்துபோய், அவருக்கு மிஞ்சியது அந்த முதல் கேட் மட்டும்தான்.

டீக்கடை அம்மா சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். அவன் சொல்லிவிட்டான். அவனுக்கும் எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் வந்தது. நைனாவோடு வேலை பார்த்தவர்கள், அன்று மாலையோடு வந்து நின்ற அதே ஆட்கள், ஒரு போஸ்டர் அடித்துவிடலாம் என்றார்கள். இந்தத் தடவை முறையாக. எங்கள் பக்கத்தில் போஸ்டர் இல்லாத சாவு அநாதைச் சாவு. நான் கடை லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். நைனாவின் முகம் இருந்த முதல் ஃபைல் அப்படியே இருந்தது. புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லை. மேலே எழுத்தை மாற்ற வேண்டும், போன் நம்பரை எடுக்க வேண்டும். விளக்கு லேயரின் கண்ணைத் தட்டினேன். இரண்டு பக்கமும் விளக்கு வந்தது, மாலை வந்தது. பக்கத்தில் பிரிண்டர் படத்தைப் பார்த்தேன். அது முன்பிருந்தே திறந்துதான் இருந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. கையில் ஈரத் துணியோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குடி இன்னொரு தபா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவுரு உயிரோட இருக்கசொல்லவே ஒட்டிட்ட. அவுரும் பாத்து கும்புட்டுட்டாரு. இன்னும் யாருக்குக் காட்டணும்?"

துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஃபைலை மூடினேன். செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று தட்டினேன்.